பல்கலைக் கழகம் செல்லும் பிள்ளையும் பெற்றோர் கடமையும்



பூன் லே என்னும் ஊர்ப்பெயர் ஒரு வியாபாரியின் பெயர் என்பது நம்மில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். சியூ பூன் லே என்ற சீன வணிகர் ஜூரோங்கில் பெரும் நிலம் வைத்திருந்து ரப்பர் பயிரிட்டார். அவர் மறைந்தும் அவர் பெயர் மறையவில்லை. 1950-களில் அதே ஜூரோங்கில் சீன சமூகத்தார், பெரும் வணிகர் முதல் டிரைஷா ஓட்டும் ஏழைத் தொழிலாளி வரை, தத்தம் சக்திக்கேற்பப் பொருள் கொடுத்து நன்யாங் பல்கலைக் கழகத்தை எழுப்பினார்கள். 1980-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்தோடு இணைந்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகம் உருவாயிற்று. பழைய இடத்தில் 1981-இல் தொழில்நுட்பக் கழகம் ஒன்று தோன்றி, 1991-இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது.

இன்று பூன் லேயில் 179-ஆம் எண் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் அப்பல்கலைக் கழகத்தில் இறங்கலாம். அந்தப் பேருந்தில் நம் பிள்ளைகளும் போகிறார்கள். ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய பாட்டனாரின் பேரன், சிராங்கூன் சாலையில் இரவு நெடுநேரம் கடை திறந்து வைத்திருக்கும் தகப்பனாரின் மகன், தோளில் பையுடன் மாணவர் விடுதிக்குப் போகிறான். நாம் பெருமைப்பட வேண்டிய காட்சிதான். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த விடுதியின் கதவுக்கு உள்ளே தகப்பனாரின் கண் எட்டாது. அங்கே பலவகைப் பழக்கமுள்ள பிள்ளைகள் ஒன்றாக வாழ்கிறார்கள். தேர்வு முடிந்தாலும், பிறந்தநாள் வந்தாலும், விளையாட்டில் வென்றாலும், தோற்றாலுங்கூட, மது அருந்துவதை ஒரு கொண்டாட்டமாகக் கருதும் தோழர்கள் சிலர் எந்த நாட்டுப் பல்கலைக் கழகத்திலும் இருக்கவே செய்வார்கள். அந்த அறையில் நம் பிள்ளை எப்படி நடந்துகொள்வான்? அதற்கும் நாம் அவனை வளர்த்த முறைக்கும் என்ன தொடர்பு? இவ்விஷயத்தைத்தான் இப்பாடத்தில் ஆராயப் போகிறோம்.

ஓர் இரவு

நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம்.

தேர்வு முடிந்த இரவு. விடுதி அறையில் ஐந்தாறு மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நம் வியாபாரி ஒருவரின் மகன். முதலில் வேண்டாம் என்று மறுத்தான். "ஒரு வாய்தானே" என்றார்கள், பிறகு குடித்துவிட்டான். நேரம் நள்ளிரவைத் தாண்டுகிறது. அவனைவிட அதிகம் குடித்த தோழன் ஒருவன் தரையில் கிடக்கிறான். தட்டி எழுப்பினால் எழவில்லை. மற்றவர்கள் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

நம் பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கிறது. வாப்பாவின் எண்ணும் இருக்கிறது. வாப்பாவைக் கூப்பிட்டால் என்ன செய்வதென்று சொல்வார். காரை எடுத்துக்கொண்டு வந்தும் விடுவார். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் வாப்பா சொன்ன சொல் காதில் ஒலிக்கிறது: "குடித்தாய் என்று ஒரு சொல் என் காதில் விழுந்தால், அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்காதே!"

அவன் கூப்பிடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அந்தத் தகப்பனார் சொன்ன சொல்லில் தவறு என்ன? மார்க்கம் விலக்கியதை அவரும் விலக்கினார். அன்பினால்தான் சொன்னார். ஆயினும், மகனைக் குடியிலிருந்து அச்சொல் காக்கவில்லை. ஆபத்து வேளையில் தகப்பனாரிடம் வரும் வழியையும் அடைத்துவிட்டது. இதுதான் நாம் சிந்திக்க வேண்டிய இடம்.

சட்டம் எதுவரை வரும்?

சிங்கப்பூரில் 18 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நம் ஆண்பிள்ளைகள் இரண்டாண்டு தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக் கழகத்தில் சேரும்போது பெரும்பாலும் 20, 21 வயது ஆகிவிடுகிறது. பெண்பிள்ளைகளும் 18-ஐத் தாண்டியிருப்பார்கள். ஆகவே வயது பற்றிய சட்டம் அவர்களைத் தடுக்காது.

நேரம் பற்றியும் ஒரு சட்டம் உண்டு. அது வந்த வரலாறு நம் கடைவீதி வியாபாரிகளுக்கு மறந்திருக்காது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதையடுத்துக் கலவரம் மூண்டது. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு, நடந்ததற்கு மதுவும் ஒரு காரணமாக இருந்தது என்று 2014-இல் கூறியது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கடைகளில் மது வாங்கிச் செல்லவும் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின.

இச்சட்டம் வீதியில் அமைதியைக் காக்க வந்தது. முன்மாலையில் வாங்கி அறையில் வைத்துக் குடிப்பவனை அது தேடி வராது. வீதியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அறைக்குள் இருக்கும் பிள்ளையைக் காப்பது அவன் உள்ளத்தில் நாம் விதைத்தது ஒன்றுதான்.

நான்கு முதலாளிகள்

நாம் வியாபாரிகள். ஆகையால் வியாபாரத்தைக் கொண்டே இவ்விஷயத்தை விளங்கிக்கொள்வோம். நான்கு கடைகள், நான்கு முதலாளிகள், ஒவ்வொரு கடையிலும் ஒரு பையன். ஒருநாள் கல்லாவில் ஐம்பது வெள்ளி குறைகிறது.

முதல் கடையின் முதலாளி கடுமையானவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் கேட்க ஏசுவார். எப்படிக் குறைந்தது என்று கேட்கமாட்டார். பையன் சொல்ல வந்தாலும் "வாயை மூடு" என்பார். அடுத்த தடவை பணம் குறைந்தால் அந்தப் பையன் என்ன செய்வான்? பட்டியலைத் திருத்துவான், சரக்கு இருப்பில் மறைப்பான். கடை ஒழுங்காக நடப்பதாக முதலாளி நினைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் கடையின் முதலாளி தங்கமானவர். "ஐம்பது வெள்ளிதானே, போகட்டும்" என்பார். கணக்கே கேட்கமாட்டார். பையனுக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் எது சரி, எது தவறு என்று அவனுக்கு யாரும் எல்லை காட்டவில்லை. நாளடைவில் ஐம்பது நூறாகும்.

மூன்றாம் கடையின் முதலாளி கடைப்பக்கமே வருவதில்லை. பையன் பணத்தை எடுத்தாலும் அவருக்குத் தெரியாது. கொண்டுவந்து சேர்த்தாலும் தெரியாது.

நான்காம் முதலாளி ஒவ்வொரு நாளும் கடை சாத்தியபின் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கல்லாவை எண்ணுவார். குறைந்தால் விடமாட்டார்: எங்கே குறைந்தது, யாருக்குச் சில்லறை தவறியது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் பையன் தானாகவே வந்து "முதலாளி, இன்று தவறு நேர்ந்துவிட்டது" என்று சொன்னால், சொன்னதற்காக அவனைக் கடையைவிட்டுத் துரத்தமாட்டார். அடுத்த தடவை எப்படித் தவிர்ப்பது என்று கற்றுக் கொடுப்பார். அந்தப் பையன் ஒருநாள் சொந்தமாகக் கடை வைத்தால், யாரும் கேட்காமலே இரவில் கல்லாவை எண்ணுவான். ஏனெனில் கணக்குப் பார்க்கும் பழக்கம் அவனுடைய பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆராய்ச்சி சொல்வது

பெற்றோரிலும் இந்நான்கு வகையினர் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டயானா பௌம்ரிண்ட் என்ற அம்மையார், 1960-களில் சிறு பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்து, பிள்ளை வளர்ப்பை மூன்று வகையாகப் பிரித்தார். 1983-இல் எலினர் மக்கோபி, ஜான் மார்ட்டின் என்ற இருவர் நான்காவது வகையையும் சேர்த்து ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் கையிலெடுத்த அளவுகோல்கள் இரண்டே: பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பது ஒன்று, பிள்ளையின் சொல்லுக்கு எவ்வளவு செவிகொடுக்கிறோம் என்பது மற்றொன்று. நம் தமிழில் கண்டிப்பு, கனிவு என்று சொல்லிக்கொள்வோம்.

கண்டிப்பு மட்டும் உள்ளவர் அதட்டி ஆளும் பெற்றோர். கனிவு மட்டும் உள்ளவர் விட்டுக்கொடுத்தே வளர்க்கும் பெற்றோர். இரண்டும் இல்லாதவர் பாராமுகப் பெற்றோர். இரண்டும் உள்ளவர் நெறிப்படுத்தும் பெற்றோர்.

பின்னர் இளைஞர்களின் குடிப்பழக்கத்தை ஆராய்ந்த பலர் இந்நான்கு வகைகளையும் பொருத்திப் பார்த்தார்கள். பாராமுகப் பெற்றோரின் பிள்ளைகளிடம் தொல்லை பொதுவாக அதிகமாகவும், நெறிப்படுத்தும் பெற்றோரின் பிள்ளைகளிடம் குறைவாகவும் காணப்பட்டது. 2001-இல் அமெரிக்கப் பல்கலைக் கழக மாணவரிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி, வளர்ப்பு முறைக்கும் குடிக்கும் இடையே நிற்பது பிள்ளையின் தன்னடக்கமே என்று காட்டியது. அதாவது, எல்லை காட்டாத வளர்ப்பில் தன்னடக்கம் தளர்கிறது; தன்னடக்கம் தளர்ந்தவனுக்குக் குடியை நிறுத்தத் தெரிவதில்லை.

எனினும் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஸ்பெயின் முதலிய சில நாடுகளில், கனிவு மட்டும் உள்ள வளர்ப்பும் நல்ல பலன் தருவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சீனப் பெற்றோரின் கண்டிப்பை மேல்நாட்டு அதட்டலோடு ஒன்றாக எண்ணக் கூடாது, அதில் பயிற்றுவிக்கும் அக்கறை கலந்திருக்கிறது என்று 1994-இல் ரூத் சாவோ என்பவர் எடுத்துக் காட்டினார். மேலும் ஒரு பிள்ளையின் போக்குக்குப் பெற்றோர் மட்டுமே காரணம் அல்லர். நல்ல வளர்ப்பில் வளர்ந்தவனும் வழுக்கி விழுவதுண்டு. ஆகவே பிள்ளை தவறிய வீட்டைப் பார்த்து "வளர்ப்பு சரியில்லை" என்று கைகாட்டிப் பேசுவது நியாயமும் அல்ல. நமக்கு நன்மையும் அல்ல.

"எங்களைப் பிரம்பால் அடித்துத்தானே வளர்த்தார்கள், நாங்கள் கெட்டா போனோம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள். கடையநல்லூரிலும் நாகூரிலும் கீழக்கரையிலும் பிள்ளை தெருவில் கால் வைத்தால் மாமாவும் பெரியத்தாவும் பள்ளிவாசல் மோதினாரும் அவனைக் கண்டுகொண்டே இருந்தார்கள். ஒருவர் அதட்டினால் உம்மும்மா மடியில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். கண்டிப்பு ஒருவரிடமும் கனிவு இன்னொருவரிடமும் இருந்தன; இரண்டும் பிள்ளைக்குக் கிடைத்தன. இன்று பூன் லேயின் அடுக்குமாடி வீட்டில் மாமாவும் இல்லை, உம்மும்மாவும் இல்லை. அந்த இரண்டையும் வாப்பாவும் உம்மாவுமே கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

மார்க்கம் காட்டிய முறை

மது ஹராம் என்பதில் நம்மிடையே இரு கருத்து இல்லை. ஆனால் அந்த விலக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும். முதலில் அதில் தீமையே மிகுதி என்று உணர்த்தப்பட்டது. அடுத்து, போதையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்று கட்டளை வந்தது. அதன் பின்னரே முற்றாக விலக்கப்பட்டது. முதலில் உள்ளங்கள் ஈமானில் நிலைபெற்றன, சட்டங்கள் பிறகு வந்தன. தொடக்கத்திலேயே குடிக்காதீர்கள் என்று கட்டளை இறங்கியிருந்தால் மக்கள் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்னும் கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது ஸஹீஹ் புகாரியில் காணப்படுகிறது. உறவு முதலில், கட்டளை அதன்மேல்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அதற்காகத் தண்டிக்கப்பட்டும், மீண்டும் ஒருமுறை அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டார். அப்போதும் தண்டனை உண்டு. கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள்.

இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டுமா? குற்றத்துக்குரிய தண்டனை நீக்கப்படவில்லை, விலக்கு தளர்த்தப்படவில்லை. அதே வேளையில் அம்மனிதர் நம்மவர் அல்லர் என்று தள்ளப்படவும் இல்லை. கண்டிப்பும் கனிவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கக் கூடியவை. "குடிப்பது ஹராம்" என்று சொல்வது மார்க்கம். "குடித்தால் என் முகத்தில் விழிக்காதே" என்று சேர்த்துக்கொள்வது நம் கோபம். இவ்விரண்டையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

நம் கடையின் குளிர்ப்பெட்டி

கசப்பான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் சகோதரர் சிலர் மளிகைக் கடைகளிலும் சிறு அங்காடிகளிலும் பீர் விற்கிறார்கள். "வாடிக்கையாளர் கேட்கிறார்கள், வாடகை ஏறிவிட்டது, விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்" என்று காரணம் கூறுகிறார்கள். வாடகையின் சுமை பொய்யல்ல. அதை அறியாமல் பேசுவது எளிது.

ஆனால் விடுமுறையில் கல்லாவில் உட்காரும் நம் மகன் என்ன கற்றுக்கொள்கிறான்? அந்தக் குளிர்ப்பெட்டியை நிரப்புவதும் அவன்தான். மாலையில் மதுவின் தீமை பற்றி நம்மிடம் உபதேசம் கேட்பதும் அவன்தான். "லாபம் வந்தால் விலக்கு தளரும்" என்பதே அவன் மனத்தில் பதியும் பாடம்.

மது முற்றாக விலக்கப்பட்ட செய்தி மதீனாவில் அறிவிக்கப்பட்டபோது, இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள் அபூ தல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்டதும் அதை வெளியே கொட்டும்படி அபூ தல்ஹாவே அவரிடம் சொன்னார். அந்த இளைஞருக்கு நீண்ட உபதேசம் தேவைப்படவில்லை. பெரியவர்கள் தம் முன்னால் இருந்ததைக் கொட்டச் சொன்னதைக் கண்ணால் கண்டார். சொல்லைவிடச் செயல் பிள்ளைக்கு விரைவில் விளங்குகிறது.

செய்ய வேண்டியவை

இனி, விடுதிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் செய்யத்தக்க காரியங்களைப் பார்ப்போம்.

ஒன்று: போவதற்கு முன்பே பேசுங்கள். 2001-இல் ராப் டுரிஸி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும், பல்கலைக் கழகத்தில் சேரவிருக்கும் மாணவரின் பெற்றோருக்குக் கைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து, குடியைப் பற்றிப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று விளக்கினார்கள். அவ்வாறு பேசப்பட்ட பிள்ளைகளிடம் குடிக்கும் போக்கு குறைந்திருந்தது. பல்கலைக் கழகத்தில் சேரும் வயதுப் பிள்ளையும் பெற்றோர் சொல்லைக் கேட்கிறான் என்பது இதனால் விளங்குகிறது. சொல்வது சண்டையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு: காரணத்தையும் சொல்லுங்கள். "ஹராம்" என்பதே ஒரு முஸ்லிமுக்குப் போதுமான காரணம். எனினும் படிக்கும் பிள்ளைக்கு உலக அறிவும் துணை நிற்கட்டும். மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-இலேயே வகைப்படுத்தியது. கேடில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

மூன்று: "எல்லோரும் குடிக்கிறார்கள்" என்பது பிரமை என்று விளக்குங்கள். 1993-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் நடந்த ஆராய்ச்சியில், மாணவர் பலர் அங்குள்ள குடிப்பழக்கத்தைத் தாங்கள் மனத்தளவில் விரும்பாதிருந்தும், மற்றவர்கள் விரும்புவதாக எண்ணிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஒவ்வொருவரும் மற்றவருக்காக நடிக்கிறார்கள். ஆகவே "எனக்கு வேண்டாம்" என்று ஒருவன் நாணாமல் சொன்னால், அதே எண்ணத்தோடு வாய் திறவாமல் இருந்த இன்னும் இருவர் தைரியம் பெறுவர். அச்சொல்லை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

நான்கு: பணத்தை நேரத்துக்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். இது வியாபாரிகளான நமக்கே உரிய குற்றம். வாரம் ஏழு நாளும் கடை, மகனைப் பார்க்க நேரமில்லை, மனம் உறுத்துகிறது, கணக்கில் முந்நூறு வெள்ளி சேர்த்துப் போட்டுவிடுகிறோம். தேவைக்கு அளந்து கொடுங்கள். வாரத்தில் ஒருவேளையாவது அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடையை விட்டு வர இயலாவிட்டால், அவனைக் கடைக்கு வரச்சொல்லி, பின்னறையில் ஒரு பரோட்டாவைப் பகிர்ந்தாலும் போதும். அவனுடைய தோழர்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஐந்து: மகளையும் இப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு மட்டும் உபதேசமும், மகளுக்கு வெறும் காவலும் என்று வைத்தால், அவளுக்கு ஆபத்து வரும்போது அவளும் வாய் திறக்கமாட்டாள்.

ஆறு: ஆபத்து வேளையில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கற்பியுங்கள். குடித்தவன் தட்டியும் எழாவிட்டாலோ, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தாலோ, தோல் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ, நினைவில்லாமலே வாந்தி எடுத்தாலோ, அது தூக்கம் அல்ல, உயிருக்கு ஆபத்து. உடனே 995-ஐ அழைக்க வேண்டும். வாந்தி மூச்சுக்குழலை அடைக்காதிருக்க ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தனியே விட்டுப் போகக் கூடாது. காப்பி கொடுப்பதும் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் போதையை இறக்கா. குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஒருபோதும் ஏறக் கூடாது. இதைக் கற்பிப்பது குடிக்க அனுமதி கொடுப்பது ஆகாது. கடையில் தீயணைப்புக் கருவியை மாட்டுகிறோமே, தீயை வரவேற்றா மாட்டுகிறோம்?

வழியனுப்பும் சொல்

முன்பு எண்ணிப் பார்த்த அந்த இரவுக்குத் திரும்புவோம். மகன் விடுதிக்குக் கிளம்பிய நாளில் தகப்பனார் வேறு விதமாகப் பேசியிருந்தால் எப்படி இருக்கும்?

"தம்பி, குடி நமக்கு ஹராம். இதில் உனக்கும் விலக்கு இல்லை, எனக்கும் இல்லை. நீ அதைத் தொட்டால் என் மனம் உடைந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். எந்த நேரமானாலும், நீ எந்த நிலையில் இருந்தாலும், ஆபத்து என்றால் முதலில் என்னைக் கூப்பிடு. நான் வருவேன். அன்றிரவு ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். மறுநாள் கேட்பேன்; கட்டாயம் கேட்பேன். ஆனால் முதலில் நீ வீடு வந்து சேரவேண்டும்."

மகன் தலைகுனிந்து, "சரிங்க வாப்பா" என்கிறான்.

இவ்வாறு பேசிய தகப்பனார் எதை விட்டுக்கொடுத்தார்? மார்க்கத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்டிப்பு முழுவதும் அப்படியே இருக்கிறது. மறுநாள் கணக்குக் கேட்கப் போகிறார். ஆனால் அந்த நள்ளிரவில் மகன் கையிலுள்ள தொலைபேசி ஒலிக்கும். தகப்பனார் எழுந்து, "முதலில் 995-ஐ அழை. அந்தப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வை. நான் புறப்பட்டுவிட்டேன்" என்பார். வேறொரு வீட்டின் பிள்ளை அதனால் பிழைக்கக்கூடும். நம் பிள்ளையும் மறுநாள் வாப்பாவின் எதிரில் அமர்ந்து, அழுது, தவ்பாச் செய்து திரும்பக்கூடும்.

வீட்டில் கலந்து பேச

1. நான்கு முதலாளிகளில் நான் எவரைப் போன்றவன்? என் மனைவியும் பிள்ளைகளும் இதே விடையைச் சொல்வார்களா?

2. என் பிள்ளை கடைசியாகத் தானாகவே வந்து தன் தவறு ஒன்றை என்னிடம் சொன்னது எப்போது? அன்று நான் என்ன செய்தேன்?

3. நான் விலக்கும் ஒன்றை என் கடையோ என் நடத்தையோ அனுமதிக்கிறதா?

4. இன்றிரவு என் பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால், அவன் முதலில் யாரைக் கூப்பிடுவான்?

நான்காம் கேள்விக்குத் தயங்காமல் "என்னைத்தான்" என்று விடை சொல்ல முடியாதவர்கள், பிள்ளை விடுமுறையில் வீடு வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு கடையைச் சாத்தியதும் ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்குங்கள்.

நம் மக்களை நல்வழியில் நிலைநிறுத்தவும், அவர்கள் தவறும்போது அவர்களை நம்மிடமே திருப்பிக் கொண்டுவரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.